டிரம்மர் வேண்டாம்: டால் டுவார்ஃப்ஸ் இருவரின் வீட்டு ஒலிப்பதிவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ராக் இசைக்குழுவில் டிரம்மரை வேண்டாம் என்பது கல்யாண ஊர்வலத்தில் தவிலை வேண்டாம் என்பது போன்றது. நாதஸ்வரம் இருக்கும், சுருதிப்பெட்டி இருக்கும், மாப்பிள்ளையும் இருப்பார். ஊர்வலம்தான் நகராது. 1981இல் நியூசிலாந்தில் இருவர் அப்படி ஒரு ஊர்வலத்தைக் கிளப்பினார்கள். அது 2002 வரை நகர்ந்தது. கிறிஸ் நாக்ஸ், அலெக் பாத்கேட் என்ற அந்த இருவரும் வைத்துக்கொண்ட பெயர் டால் டுவார்ஃப்ஸ், அதாவது உயரமான குள்ளர்கள். அவர்களிடம் இருந்தவை கிதார், குரல், நான்கு டிராக் பதியும் ஒரு ஸ்பூல் டேப் இயந்திரம், கைக்குக் கிடைத்த வீட்டுச் சாமான்கள்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'லோ-ஃபை முன்னோடிகள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கரகரத்த, இரைச்சல் படிந்த ஒலி என்பது அதன் பொருள். அந்த வரியில் தவறில்லை. ஆனால் கரகரப்பு எதனால் வந்தது என்பதை அது சொல்வதில்லை. காசில்லாததால் வந்தது என்று நினைக்கத் தோன்றும். பாதி உண்மைதான். மீதிப் பாதி, இவர்கள் ஏற்கெனவே நல்ல ஸ்டூடியோவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் என்பது.

சிட்னியில் நடந்தது

நாக்ஸ் 1952இல் நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில் பிறந்தவர். 1977இல் பல்கலைக்கழக நகரமான டனீடனில் தி எனிமி என்ற பங்க் குழுவைத் தொடங்கினார். கிதார் வாசித்த பாத்கேட் அவரைவிட வயதில் இளையவர், சுபாவத்தில் நேர் எதிர். நாக்ஸ் மேடையேறினால் கூட்டத்தைச் சீண்டாமல் இறங்கமாட்டார். பாத்கேட் ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருப்பார். தி எனிமி கலைந்ததும் 1979இல் அதன் தொடர்ச்சியாக டாய் லவ் உருவானது. ஐந்து பேர் கொண்ட குழு. கீபோர்டும் டிரம்ஸும் பேஸ் கிதாரும் உண்டு, இசை நிறுவன ஒப்பந்தமும் உண்டு. நாட்டில் அப்போது அதிகம் பேசப்பட்ட ராக் குழுக்களில் அதுவும் ஒன்று.

1980இல் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். நியூசிலாந்துக் குழு ஒன்று கொஞ்சம் பெயரெடுத்தால் அடுத்த படி சிட்னி என்பது அன்றைய எழுதப்படாத விதி. அங்கே மதுக்கடை மேடைகளில் இரவுக்கிரவு வாசிப்பு. இடையில் ஒரு தொழில்முறை ஸ்டூடியோவில் ஆல்பம் பதிவானது. வெளிவந்த தட்டைக் கேட்டபோது குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. மேடையில் இருந்த முரட்டுத்தனம் பதிவில் வழுவழுப்பாகிவிட்டது என்பது அவர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்த குறை. பின்னால் 2005இல் ஒலியைத் திருத்தித் தொகுப்பாக மறுபடி வெளியிடும் அளவுக்கு அந்தக் குறை மனதில் தங்கியிருந்தது. 1980 முடிவதற்குள் டாய் லவ் கலைந்தது.

ஸ்டூடியோ என்ற இடம் எப்படி இயங்கியது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில். கண்ணாடிச் சுவருக்கு ஒரு பக்கம் வாசிக்கிறவர்கள், மறுபக்கம் ஒலிப்பொறியாளரும் தயாரிப்பாளரும். பதிவானது எப்படி இருக்கிறது என்று வாசிக்கிறவர் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து மறுபக்கம் போக வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. அந்த நாற்காலியில் இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த 'நன்றாக' என்பது வேறாக இருந்தால் போதும், பாட்டு வேறாகிவிடும்.

இன்னொரு விஷயம் பாட்டுக் கேட்பவர்களுக்குத் தெரியாது, பதிவுசெய்தவர்களுக்கு உடனே புரியும். ராக் குழுவுக்கு ஸ்டூடியோ தேவைப்படுவதே பெரும்பாலும் டிரம்ஸுக்காகத்தான். குரலை வீட்டில் பதியலாம். கிதாரைப் பதியலாம், சின்ன ஆம்ப்ளிஃபயர் என்றால் எலக்ட்ரிக் கிதாரையும் பதியலாம். டிரம்ஸைப் பதிவது அவ்வளவு எளிதல்ல. அதற்குப் பெரிய அறை வேண்டும், ஐந்தாறு மைக் வேண்டும், அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. மைக்குகளை இடம் பார்த்து வைத்துச் சத்தத்தைச் சரிசெய்வதிலேயே முதல் நாள் போய்விடும். இசையே தொடங்காத அந்த முதல் நாளுக்கும் வாடகை உண்டு.

டிரம்மரை எடுத்துவிட்டால் ஸ்டூடியோவும் சேர்ந்தே போய்விடுகிறது. டால் டுவார்ஃப்ஸ் பற்றி நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான். அவர்களுடைய ஒலி, பாடல் வடிவம், வேகம், விலை, ஏன் இருவராகவே இருபது ஆண்டு தாக்குப்பிடித்தார்கள் என்பது வரை எல்லாம் இந்த ஒரு நீக்கத்திலிருந்து தொடங்குகிறது.

நான்கு டிராக் என்றால் என்ன

வீட்டு டூ-இன்-ஒன்னில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். கேசட்டில் ஏற்கெனவே இருப்பது அழிந்துதான் புதியது பதியும். நான்கு டிராக் இயந்திரம் அப்படியல்ல. கால் அங்குல அகல டேப்பில் நான்கு இணைகோடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டில் கிதாரைப் பதிந்துவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாவது கோட்டில் பாடலாம். முதலாவது அழியாது. நாக்ஸிடம் இருந்தது ஜப்பானிய டியாக் நிறுவனத்தின் ஸ்பூல் டேப் இயந்திரம். அதே நிறுவனம் 1979இல் டாஸ்கம் என்ற பெயரில் சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோ 144ஐ வெளியிட்டது. பின்னால் உலகமெங்கும் படுக்கையறைகளில் இசை பதிந்தவர்களின் கருவி அது. நாக்ஸின் ஸ்பூல் இயந்திரம் அதைவிடக் கனமானது, ஆனால் டேப்பின் அகலமும் வேகமும் கூடுதல் என்பதால் ஒலியும் மேல்.

நான்கு கோடு போதாதபோது 'பவுன்ஸ்' செய்வார்கள். மூன்று டிராக்கில் பதிந்ததை ஒன்றாகக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, முதல் மூன்றையும் மறுபடி பயன்படுத்துவது. ஏற்றும்போதே கூட ஒன்றை நேரடியாக வாசித்துச் சேர்க்கலாம். இப்படிப் படிப்படியாகக் கணக்குப் போட்டால் நான்கு டிராக்கில் பத்துப் பகுதிகள் வரை அடுக்கலாம். விலை என்னவென்றால், ஏற்றும் ஒவ்வொரு முறையும் டேப்பின் 'உஸ்' இரைச்சல் ஒரு படி கூடும், மணியொலி போன்ற உச்ச ஒலிகள் ஒரு படி மங்கும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. கைதட்டல் அதிகமாகிவிட்டது என்று மறுநாள் தோன்றினால் மொத்தத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அதிகமான கைதட்டலோடு வாழ வேண்டும். நாக்ஸும் பாத்கேட்டும் பெரும்பாலும் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் என்பது கேட்டாலே தெரிகிறது.

டிரம்ஸ் இருந்த இடத்தில் வந்தது டேப் லூப். தொடையில் தட்டுவது, கை தட்டுவது, பாத்திரம், டப்பா, வாயால் எழுப்பும் ஓசை என எதையாவது தாளமாகப் பதிவார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்குவார்கள். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், நான்கு தட்டுக் கொண்ட ஒரு சுற்றுக்கு 2 நொடி, அதாவது 30 அங்குல டேப். இரண்டு சுற்று வேண்டுமென்றால் ஐந்தடி. இயந்திரத்தின் தலைப்பகுதியில் அவ்வளவு இடமில்லை. வளையம் வெளியே தொங்கும், அது தளராமல் இருக்க மைக் ஸ்டாண்டிலோ பாட்டிலிலோ மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் 'டக்' என்று கேட்காமலிருக்கச் சாய்வாக வெட்டுவார்கள். வெட்டு அரை அங்குலம் பிசகினால் நொடியில் முப்பதில் ஒரு பங்கு தாளம் நொண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நொண்டும். நொண்டல் பாட்டுக்குப் பொருந்திவிட்டால் அதுவே அந்தப் பாட்டின் நடை.

லூப் ஒரு கருவி மட்டுமல்ல, பாடலாசிரியர் மேல் ஒரு நிபந்தனையும்கூட. டிரம்மர் மனிதர். பல்லவி வரப்போகிறது என்பதை உருட்டிக் காட்டுவார், சரணத்தில் அடங்குவார், உச்சத்தில் கொஞ்சம் வேகமெடுப்பார். லூப்புக்கு இது எதுவும் தெரியாது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே அடி. ஆகவே பாட்டு வளர்கிறது, மாறுகிறது என்ற உணர்வை வேறெதாவது தர வேண்டும். நாக்ஸும் பாத்கேட்டும் அதைக் குரல்களை அடுக்கிச் செய்தார்கள், கிதார் ஒலியைச் சொரசொரப்பாக்கிச் செய்தார்கள், சில சமயம் ஒரே ஸ்வரத்தில் இழையும் ஆர்கனை அடியில் விரித்துச் செய்தார்கள். இருவரும் பீட்டில்ஸ் பித்தர்கள். மெட்டு கட்டத் தெரிந்தவர்கள். அழகான மெட்டுக்குக் கீழே சலிக்காமல் நொண்டிக்கொண்டே போகும் டப்பா தாளம் என்ற முரண் இந்தச் சூழ்நிலையிலிருந்து பிறந்தது. யாரும் திட்டமிட்டு 'பாணி' என்று வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழகப் பழகப் பாணியாகிவிட்டது.

மூன்று பாட்டு

முதல் வெளியீட்டுக்கு வைத்த பெயர் 'த்ரீ சாங்ஸ்'. மூன்று பாட்டு இருந்தது, அதனால் மூன்று பாட்டு. 1981. அதில் 'நத்திங்ஸ் கோயிங் டு ஹேப்பன்' என்ற பாடலுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு படமும் எடுத்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்தி எடுத்து, ஆட்களும் சாமான்களும் தாமாக நகர்வது போன்ற வித்தை. பாட்டைப் பதிந்த முறையும் படத்தை எடுத்த முறையும் ஒன்றுதான். ஆள்பலம் இல்லாத இடத்தில் பொறுமையைப் போடுவது. நாக்ஸ் ஓவியர், கார்ட்டூன்காரர். பாத்கேட்டுக்குத் தொழிலே வடிவமைப்பு. ஆகவே தட்டின் உறையும் வீட்டுத் தயாரிப்பு.

அதன்பின் 'லூயி லைக்ஸ் ஹிஸ் டெய்லி டிப்' 1982இல், 'கேன்ட் மியூசிக்' 1983இல், 'ஸ்லக்பக்கெட் ஹேரிபிரெத் மான்ஸ்டர்' 1984இல் என்று ஆண்டுக்கொன்றாக ஈ.பி. எனப்படும் சிறு தட்டுகள் வந்தன. முழுநீள ஆல்பம் என்று ஒன்று 1990இல்தான் வந்தது, 'வீவில்'. ஒன்பது ஆண்டுகள் ஈ.பி.யிலேயே ஓட்டியதற்குச் சோம்பல் காரணமல்ல. பாத்கேட் சில ஆண்டுகளுக்குள் தென்தீவின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போய்விட்டார். நாக்ஸ் வடதீவின் ஆக்லாந்தில். இடையில் சுமார் 750 கிலோமீட்டர், குக் நீரிணை. ஒருவர் மற்றவர் வீட்டுக்கு வந்து தங்கும் சில நாட்களில் என்ன முடிகிறதோ அதுதான் அடுத்த தட்டு. பயண நாட்களுக்கு ஏற்ற அளவு ஈ.பி. தூரம்தான் இவர்களை இருவராகவே காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். தினமும் ஒத்திகை பார்த்த டாய் லவ் இரண்டு ஆண்டு தாங்கவில்லை.

இயந்திரம் ஊருக்குப் பொதுவானது

டால் டுவார்ஃப்ஸ் யாரென்று தெரியாதவர்களும் அந்த டியாக் இயந்திரத்தைக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் இசைத்தட்டுக் கடையை நிர்வகித்துவந்த ரோஜர் ஷெப்பர்ட், ஃப்ளையிங் நன் என்ற சிறு இசை நிறுவனத்தைத் தொடங்கினார். தென்தீவில், குறிப்பாக டனீடனில், நல்ல குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணமில்லை. நாக்ஸிடம் இயந்திரம் இருந்தது. டாய் லவ்வின் மேடை ஒலியைக் கவனித்துவந்த டக் ஹூட் கூட இருந்தார். இருவரும் சேர்ந்து தி கிளீன் குழுவின் 'பூடில் பூடில் பூடில்' ஈ.பி.யை அந்த நான்கு டிராக்கில் பதிந்தார்கள். அது மாதக்கணக்கில் நாட்டின் விற்பனைப் பட்டியலில் நின்றது. வீட்டு இயந்திரத்தில் பதிந்த ஒன்று, பெரிய நிறுவனங்களின் தட்டுகளுக்கு நடுவே. அடுத்து 1982இல் தி சில்ஸ், தி வெர்லேன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் என்ற நான்கு குழுக்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இடம்கொடுத்த 'டனீடன் டபுள்'. அதையும் பதிந்தது அதே இயந்திரம், அதே இருவர். 'டனீடன் ஒலி' என்று பின்னால் உலகம் கொண்டாடியதில் ஒரு பங்கு, அந்த இயந்திரத்தின் வழியாக வந்த ஒலி.

எல்லாருக்கும் இதில் மகிழ்ச்சி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஸ்னீக்கி ஃபீலிங்ஸ் குழுவின் மேத்யூ பானிஸ்டர் பின்னாளில் இந்தக் காலத்தைப் பற்றி விமர்சனத்தோடு எழுதியிருக்கிறார். அவருடைய குழுவினர் கூட்டு மெட்டும் நேர்த்தியும் விரும்பியவர்கள். கரகரப்பே நேர்மை, வழுவழுப்பு என்றால் விலைபோனது என்ற எண்ணம் ஒரு கோட்பாடாகவே இறுகிவிட்டது என்பது அவர் போன்றவர்களின் புகார். நியாயமான புகார். ஸ்டூடியோவில் காயப்பட்டவர் ஸ்டூடியோவை வெறுப்பதில் பொருளுண்டு. உள்ளேயே போயிராத இருபது வயதுப் பையனுக்கும் அதே வெறுப்பைக் கற்றுக்கொடுத்தால், அவன் கேட்க விரும்பிய ஒலியைத் தேடும் வாய்ப்பே போய்விடுகிறது. நாக்ஸின் சிட்னி அனுபவம் அவருடையது. அது ஊர் வழக்கமானது இன்னொரு கதை.

பணக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981இல் நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 32 லட்சம். 1975இல் அரசு இசைத்தட்டுகளுக்கு 40 விழுக்காடு விற்பனை வரி விதித்திருந்தது. அவ்வளவு சின்னச் சந்தையில் அவ்வளவு பெரிய வரி. ஸ்டூடியோ செலவையும் தட்டின்மேல் ஏற்றினால் போட்ட முதல் திரும்பாது. வீட்டில் பதிந்தால் செலவு டேப்புக்கும் தட்டு அச்சடிப்புக்கும் மட்டும். அச்சடிப்பும் நிரந்தரமில்லை. நாட்டின் கடைசித் தட்டு அச்சு ஆலை, லோயர் ஹட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஆலை, 1987இல் மூடப்பட்டது. அதற்குப்பின் தட்டு வேண்டுமென்றால் கடல்கடந்துதான். டால் டுவார்ஃப்ஸின் தொடக்க கால ஈ.பி.க்கள் 'ஹலோ க்ரூயல் வேர்ல்ட்' என்ற தொகுப்பாகத் திரட்டப்பட்டு அமெரிக்காவிலும் வெளியானது அந்த நேரத்தில்தான்.

தபாலில் வந்த தாளம்

'வீவில்', 1991இன் 'ஃபோர்க் சாங்ஸ்' இரண்டும் இவர்களது நடு உச்சம். 'ஃபோர்க் சாங்ஸ்' என்ற பெயரில் ஒரு குறும்பு உண்டு. நாட்டுப்புறப் பாட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்தைத் திருகி முள்கரண்டிப் பாட்டாக்கிவிட்டார்கள். சமையலறைச் சாமான்களில் தாளம் தட்டியவர்களுக்கு உரிமையுள்ள சிலேடை.

1996இன் 'ஸ்டம்பி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லூப்பை நாமே ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டத்தில் தோன்றியிருக்கிறது. முந்தைய வெளியீட்டின் உறையில் ரசிகர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார்கள். உங்கள் வீட்டில் ஏதாவது தாளம் பதிந்து அனுப்புங்கள், நாங்கள் அதன்மேல் பாட்டு கட்டுகிறோம். பல நாடுகளிலிருந்து டேப்புகள் தபாலில் வந்தன. அவற்றின்மேல் பாடல்களைக் கட்டி, அனுப்பியவர்களுக்கும் பெயர் கொடுத்து, 'இன்டர்நேஷனல் டால் டுவார்ஃப்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்று கோப்பாக அனுப்பி ஒருவரையொருவர் பார்க்காமலே பாட்டு செய்கிறார்கள். அப்போது அது தபால்தலை ஒட்டிய உறை.

டிரம்மர் வேண்டாம் என்று தொடங்கியவர்கள் கடைசியில் உலகம் பூராவும் டிரம்மர்களை வைத்துக்கொண்டார்கள், ஒருவரும் அறைக்குள் வராமல். சிட்னிக்குப் பின் அவர்கள் கேட்டது இதைத்தானோ என்று எனக்குப் படுகிறது. சத்தம் வரட்டும், ஆள் வந்து நாற்காலியில் உட்கார வேண்டாம்.

பிற்கால வெளியீடுகள் எல்லாமே ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 1998இன் 'ஃபிஃப்டி ஃப்ளேவர்ஸ் ஆஃப் க்ளூ' போன்றவை நீளம் கூடியவை. வேண்டாம் என்று சொல்ல மூன்றாம் ஆள் இல்லாத வீட்டுப் பதிவின் பலவீனம் அங்கே தெரிகிறது. ஈ.பி.யில் பயண நாட்கள் கத்தரிக்கோலாக இருந்தன. சி.டி.யில் எழுபது நிமிடம் இடம் கிடைத்ததும் கத்தரிக்கோல் மழுங்கியது. தயாரிப்பாளர் என்ற ஆசாமி செய்யும் நல்ல வேலையும் ஒன்று உண்டு, அது கழிப்பது. அவரை வெளியேற்றும்போது அந்த வேலையும் அவரோடு போய்விட்டது.

நாக்ஸ் தனியாகவும் பாடிவந்தார். 1989இன் 'சீஷர்' ஆல்பத்தில் உள்ள 'நாட் கிவன் லைட்லி' தன் துணைக்காக எழுதிய காதல் பாட்டு. சொந்த நாட்டில் இன்று எல்லாரும் அறிந்த பாட்டு. 2001இல் நியூசிலாந்தின் தலைசிறந்த பாடல்கள் என்று இசைப் படைப்பாளர் சங்கம் நடத்திய தேர்வில் முன்வரிசையில் வந்தது. அதைக் கேட்டு உருகுகிறவர்களில் எத்தனை பேர் டால் டுவார்ஃப்ஸின் ஒரு பாட்டையாவது முணுமுணுப்பார்கள் என்பது சந்தேகமே. அந்தப் பாட்டுக்கும் டப்பா தாளத்துக்கும் கைவேலை ஒன்றுதான். ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது ஒன்றை மட்டும்.

யார் கேட்டார்கள்

லோ-ஃபை என்ற சொல்லை நியூஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யு. வானொலியில் வில்லியம் பெர்கர் என்ற அறிவிப்பாளர் 1986இல் வீட்டுப் பதிவுகளை ஒலிபரப்பிய தன் நிகழ்ச்சிப் பகுதிக்குப் பெயராக வைத்தார். இசைவகையின் பெயராக அது பரவியது அதன்பின்தான். டால் டுவார்ஃப்ஸ் அப்போது ஐந்தாண்டு பழையவர்கள். 90களில் பெரிய நிறுவனங்களைச் சாராத அமெரிக்க இண்டி குழுக்கள் வீட்டுப் பதிவை ஓர் அழகியலாகவே எடுத்துக்கொண்டபோது, தட்டு சேகரிப்பவர்கள் மத்தியில் இந்த இருவரின் பெயர் ஒரு ரகசியச் சொல்போல் கைமாறியது.

அந்தக் கைமாற்றம் எவ்வளவு தூரம் போனது என்பது வருத்தமான ஒரு சந்தர்ப்பத்தில் வெளிப்பட்டது. 2009 ஜூனில் நாக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 56. வலப்பக்கம் முடங்கியது, பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. சொற்களை வைத்தே சீண்டி, சிரிக்கவைத்து, விமர்சனம் எழுதி, வாழ்ந்த மனிதர். மருத்துவச் செலவுக்காக அந்த நவம்பரிலேயே 'ஸ்ட்ரோக்' என்ற இரட்டைத் தொகுப்பு வந்தது. அவருடைய பாடல்களை மற்றவர்கள் பாடினார்கள். நியூசிலாந்திலிருந்து தி சில்ஸ், தி பேட்ஸ், தி கிளீனின் டேவிட் கில்கோர். அமெரிக்காவிலிருந்து யோ லா டெங்கோ, தி மவுண்டன் கோட்ஸ், போனி பிரின்ஸ் பில்லி, பில் கேலஹன், ஸ்டெஃபின் மெரிட். நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜெஃப் மாங்கம் 'வீவில்' ஆல்பத்திலிருந்து 'சைன் தி டாட்டட் லைன்' பாடலைப் பாடிக் கொடுத்தார். பல ஆண்டுகளாகப் பொதுமேடைக்கு அரிதாகவே வந்துகொண்டிருந்தவர் அவர். 2010 மே 6 அன்று நியூயார்க்கின் ல புவாசோன் ரூஜ் அரங்கில் நாக்ஸுக்காக நடந்த நிதி நிகழ்ச்சியில் வந்து பாடவும் செய்தார். அன்று அரங்கில் இருந்த பெரும்பாலோர் மாங்கத்தைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள். அவர் யாரைக் கேட்டு வளர்ந்தார் என்பதை டிக்கெட்டோடு சேர்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

'ஸ்ட்ரோக்' தொகுப்பில் டால் டுவார்ஃப்ஸ் பெயரிலேயும் ஒரு பாட்டு இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் நாக்ஸ் இடக்கையால் வரையப் பழகினார். பேச்சு திரும்பவில்லை என்றாலும் மெட்டு போகவில்லை. சொல்லில்லாமல், குரலை மட்டும் வைத்து மேடையில் பாடியிருக்கிறார்.

2022இல் அமெரிக்காவின் மெர்ஜ் இசை நிறுவனம் 1981 முதல் 2002 வரையிலான பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து 'அன்ராவல்ட்' என்ற பெரிய தொகுப்பை நான்கு இசைத்தட்டுகளாக வெளியிட்டது. புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் அதை வரிசையாகக் கேட்க வேண்டாம், மூச்சுமுட்டும். 'நத்திங்ஸ் கோயிங் டு ஹேப்பன்' பாட்டை அதன் படத்தோடு முதலில் பாருங்கள். பிறகு 'வீவில்'. பிறகு 'ஸ்டம்பி'யில் எங்கிருந்தோ தபாலில் வந்த ஏதாவது ஒரு தாளம். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால், முதல் தாளத் தட்டுக்கு முன்னால் டேப் ஓடத் தொடங்கும் 'உஸ்' காதில் விழும் இடங்கள் உண்டு. அந்த நொடியில் அறைக்குள் இருவர்தான் இருக்கிறார்கள்.